கேம் ஆடும்போது வேகம் குறைகிறதா? கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் கவனியுங்கள்!

கேம் தொடங்கும்போது காட்சிகள் தடையின்றி ஓடுகின்றன. கால் மணி நேரம் ஆனதும் திணறத் தொடங்குகின்றன. கேமை மூடிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திறந்தால் மீண்டும் பழைய வேகம். உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி நடக்கிறதா? அப்படியானால் வைரஸ் என்று பயப்படும் முன் கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தைப் பாருங்கள்.

சென்ற கோடையில் என் தம்பி இதே புகாருடன் வந்தான். "அண்ணா, கார்டு பழசாயிடுச்சு, புதுசு வாங்கித் தா" என்றான். கடையில் விசாரித்தபோதும் புதுக் கார்டுதான் வழி என்றார்கள். பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு முறை அளந்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

கிளாக் வேகம் ஏன் மாறுகிறது?

முன்பெல்லாம் கேம் ஆடும்போது கார்டு ஒரே நிலையான வேகத்தில் ஓடும். 2012ல் வந்த ஜிபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 680 கார்டுடன் என்விடியா ஜிபியு பூஸ்ட் என்ற முறையைக் கொண்டு வந்தது. மின்சாரமும் வெப்பமும் வரம்புக்குள் இருக்கும் வரை கார்டு தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். வரம்பை நெருங்கினால் தானே குறைத்துக்கொள்ளும்.

2016ல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 கார்டை எடுத்துக்கொள்வோம். இதன் அடிப்படை வேகம் 1607 மெகாஹெர்ட்ஸ். பூஸ்ட் வேகம் 1733. குளிர்ச்சியாக இருந்தால் இதற்கும் மேலே போகும். வெப்ப இலக்கு 83 டிகிரி செல்சியஸ். ஆனால் 83 டிகிரியைத் தொடும் முன்பே, சூடு ஏற ஏற, 12 அல்லது 13 மெகாஹெர்ட்ஸ் அளவிலான சிறு படிகளாக வேகம் இறங்கும்.

ஏன் இந்த ஏற்பாடு? சிப் சூடாகும்போது அதன் டிரான்சிஸ்டர்களில் மின்கசிவு கூடுகிறது. அதே வேலைக்கு அதிக மின்சாரம் செலவாகிறது. அதனால் மேலும் சூடாகிறது. இந்தச் சுழலை உடைக்க கார்டு வோல்டேஜைக் குறைக்கிறது. குறைந்த வோல்டேஜில் அதே வேகம் நிலைக்காது என்பதால் கிளாக் வேகமும் கூடவே இறங்குகிறது.

எல்லாக் கார்டுகளுக்கும் வரம்பு ஒன்றல்ல. 2013ல் வந்த ஏ.எம்.டி. ரேடியான் ஆர்9 290எக்ஸ் 95 டிகிரி வரை ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. எனவே உங்கள் மாடலுக்கான வரம்பைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளந்து பார்ப்பது எப்படி?

1. ஜிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து இயக்குங்கள்.

2. சென்சார்ஸ் டேபைத் திறந்து, லாக் டு ஃபைல் என்பதில் டிக் செய்திடுங்கள்.

3. அரை மணி நேரம் கேம் ஆடுங்கள். பின் அந்த ஃபைலைத் திறந்து, வெப்பம் ஏறும்போது கிளாக் வேகம் என்ன ஆகிறது எனப் பாருங்கள்.

4. என்விடியா கார்டு என்றால் பெர்ஃப்கேப் ரீசன் வரியையும் பாருங்கள். வேகம் கட்டுப்படுவதற்குக் காரணம் வெப்பமா, மின்சார வரம்பா என்று அது சொல்லிவிடும். மின்சார வரம்புதான் காரணம் என்றால் தூசி தட்டுவதால் பெரிய பலன் இருக்காது.

ஒன்றை நினைவில் வையுங்கள். 1850ல் இருந்து 1800க்கு இறங்கினால் இழப்பு 3 சதவீதத்திற்கும் குறைவு. கண்ணுக்கே தெரியாது. அடிப்படை வேகத்திற்கும் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

தம்பியின் கார்டில் அதுதான் நடந்தது. 1850ல் தொடங்கி, இருபதாவது நிமிடத்தில் 84 டிகிரியில் 1450க்கு வந்து நின்றது. ஐந்தில் ஒரு பங்கு வேகம் காணாமல் போயிருந்தது!

என்ன செய்யலாம்?

கேபினட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி பஞ்சு போல அடைத்திருந்தது. போதாததற்கு, கேபினட்டை கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் வைத்திருந்தான். வெளியே வந்த சூடான காற்றையே கார்டு மீண்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

* பவர் கேபிளைக் கழற்றிய பின் பிளோயரால் தூசியை ஊதுங்கள். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

* கேபினட்டின் பின்புறம் காற்றோட்டம் வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

* அறை 10 டிகிரி கூடுதலாகச் சூடானால், விசிறி வேகம் மாறாத நிலையில் கார்டும் ஏறக்குறைய அதே அளவு கூடுதலாகச் சூடாகும். மே மாத மதியத்தில் அளந்ததை மார்கழி இரவில் அளந்ததோடு ஒப்பிடாதீர்கள்.

* 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் ஃப்ரேம் ரேட்டை 60க்குள் கட்டுப்படுத்துங்கள். திரையில் காட்ட முடியாத ஃப்ரேம்களுக்காகக் கார்டு சூடாக வேண்டாம்.

* எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் மூலம் விசிறி வேகத்தைக் கூட்டலாம். சத்தம் கூடும்.

* பழைய கார்டு என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். வாரண்டி இருக்கும் கார்டை நீங்களே பிரிக்க வேண்டாம்.

தம்பியின் கார்டை ஊதி, கேபினட்டை வெளியே எடுத்து வைத்தோம். மறுநாள் அதே நேரத்தில், அதே கேமில் 72 டிகிரி, 1800 மெகாஹெர்ட்ஸ். செலவு ஒரு மணி நேரம் மட்டுமே. தம்பிக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். புதுக் கார்டு கிடைக்கவில்லையே!

நீங்களும் கடைக்குப் போகும் முன் ஒரு முறை அளந்து பாருங்கள்.