முதல் புத்தகம், முதல் கடை, முதல் கையெழுத்து

பின்னாடி தண்ணிச் சத்தம் கேட்குதா? இன்னிக்கு ஸ்டுடியோ இல்லை. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துல இருக்கிற அய்யனார் கோவில் ஆற்றங்கரையில உட்கார்ந்து பேசுறேன். "முதல் பிரதியை நீர்காத்த அய்யனார் முன்னாடி வச்சுட்டுத்தான் கடைக்குக் கொண்டுபோகணும்"னு அக்கா சொன்னதால, நாலு மாசத்துக்கு முன்னாடி புத்தகக் கட்டோட இங்கதான் முதல்ல வந்தோம். அதுக்கப்புறம் கடை கடையா ஏறி இறங்கினேன். முதல் புத்தகம் போடப்போற யாருக்காவது உதவும்னுதான் இந்த எபிசோடு.

முதல்ல கணக்கு. என் புத்தகம் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளைப் பத்தின சிறுகதைகள். 300 பிரதி அடிச்சேன். ஒரு பிரதிக்கு 70 ரூபாய் செலவு, மொத்தம் 21,000. அது அக்காவோட சீட்டுப் பணம். புத்தக விலை 150. கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் என் கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. அதாவது கடை வழியா மட்டும் வித்தால், 216 பிரதி போன பிறகுதான் அக்கா பணம் முழுசா திரும்பும். கழிவுன்னதும் நமக்குக் கோபம் வரும். ஆனா கடை வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் அதுலதான் போகணும்.

அடுத்தது, கடைக்காரர் புதுப் புத்தகத்தைப் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க மாட்டார். "வச்சுட்டுப் போங்க, வித்தா பணம்" என்பார். நான் ஏறின முதல் கடையிலும் அதுதான். அஞ்சு பிரதி வச்சேன். ரசீது எழுதி வாங்கத் தோணலை. ரெண்டு மாசம் கழிச்சுப் போனா, பத்தாம் வகுப்பு கைடுகளுக்குப் பின்னாடி அஞ்சும் அப்படியே இருந்துச்சு. தப்பு என் மேலயும்தான். அந்தப் புத்தகம் எதைப் பத்தினதுன்னு கடையில ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சின்னக் கடை. பக்திப் புத்தகம், காலண்டர், நோட்டு. மதியம் கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து, கட்டை வெளியே வச்சுட்டு ஒரே ஒரு பிரதியோட உள்ளே போனேன். "அண்ணாச்சி, இது என் முதல் புத்தகம்." அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, நின்னுக்கிட்டே ரெண்டு பக்கம் படிச்சார்.

"தறி ஓட்டுன ஆளா நீங்க?"

"அப்பா ஓட்டுனாங்க அண்ணாச்சி."

மூணு பிரதி கேட்டார். கழிவு போக 292 ரூபாய் 50 காசு. உடனே எண்ணிக் கொடுத்தார். "ஒண்ணு எனக்கு. கையெழுத்துப் போடுங்க."

பதட்டத்துல செக்குல போடுற மாதிரி இங்கிலீஷ்ல கிறுக்கிட்டேன். அவர் பார்த்துட்டு, "தம்பி, இது பேங்குக்குப் போடுறது. படிக்கிறவனுக்குத் தமிழ்ல போடுங்க" என்றார். அதுக்குக் கீழேயே தமிழ்ல ஒருமுறை எழுதினேன்.

கையொப்பம் என்ற சொல்லுக்கே ஒரு காலத்தில் நம்ம புத்தக உலகில் வேறு அர்த்தம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், புத்தகம் அச்சாகி வருமுன்பே "வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்" என்று வாசகர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். அப்போது அவருக்கு வயது 32, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். முன்பே சிறு நூல்கள் சில வெளியிட்டிருந்தாலும், இவ்வளவு பெரிய அச்சு வேலையில் இறங்கியது அதுதான் முதல்முறை. காகிதத்துக்கும் அச்சுக்கும் பணம் வேண்டுமே? சென்னையில் வீடு வீடாகப் போய்க் கையொப்பம் கேட்டார். 'என் சரித்திரம்' நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு வாசகர் போட்ட கையெழுத்து, "உன் புத்தகத்தை நம்புறேன்"னு எழுத்தாளருக்குக் கொடுத்த வாக்கு. இன்னிக்கு நாம போடுறது பதில் வாக்கு: "நீங்க கொடுத்த காசுக்கும் நேரத்துக்கும் நான் பொறுப்பு."

அதனால சில விஷயங்களைச் சொல்றேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பேரை எழுத்துக்கூட்டிக் கேளுங்க. சுமதியா சுமதாவான்னு தெரியாம எழுதினா அந்தப் பிரதி யாருக்கும் ஆகாது. மை காயுற வரைக்கும் பக்கத்தை மூடாதீங்க. கடையில இருக்கிற பிரதிகள்ல கடைக்காரர்கிட்ட கேட்காம கையெழுத்துப் போடாதீங்க. விக்காம திரும்பி வந்தா அதை வேறு கடைக்குக் கொடுக்கிறது சிரமம். எத்தனை பிரதி, என்ன கழிவு, எப்போ கணக்குன்னு தேதியோட எழுதி வாங்குங்க. முக்கியமா, கடைக்காரர் பேரைக் கேட்டு ஞாபகம் வச்சுக்கங்க. உங்க புத்தகத்தை முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட எடுத்து நீட்டப்போறவர் அவர்தான்.

இதுவரைக்கும் 131 பிரதி போயிருக்கு. பாதிக்கு மேல கைக்குக் கை வித்தது. அண்ணாச்சி ரெண்டாவது தடவை அஞ்சு கேட்டு வாங்கினார்.

அக்கா இதோ பக்கத்துலதான் ஆத்துல காலை நனைச்சுக்கிட்டு இருக்கா. அவ பிரதியில மட்டும் இன்னும் கையெழுத்துப் போடலை. கேட்டா, "சீட்டுப் பணம் முழுசா வரட்டும், அப்புறம் போடு"ங்கிறா.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.