கடைசியில் இரண்டு 'ஈ' வந்தால் யார்?



லாரி ரசீது, செக், கடை வாடகைப் பத்திரம், பாங்கி அடமானப் பத்திரம், இன்ஷூரன்ஸ் பாலிசி ஆகிய ஐந்தையும் பீரோவிலிருந்து எடுத்து மேசைமீது பரப்பிப் பாருங்கள். கன்சைனீ, பேயீ, லெஸ்ஸீ, மார்ட்கேஜீ, நாமினீ என்ற வார்த்தைகள் கண்ணில் படும். ஆங்கிலத்தில் எழுதும்போது இவை ஐந்தும் இரண்டு 'ஈ' எழுத்துகளில் முடிகின்றன. பெரும்பாலானவற்றுக்கு 'ஆர்' எழுத்தில் முடியும் ஜோடி ஒன்றும் உண்டு: கன்சைனர், லெஸ்ஸர், மார்ட்கேஜர். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்பதால்தான் நம்மில் பலர் எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவது என்று தடுமாறுகிறோம்.

1066-ல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அந்நாட்டுக் கோர்ட்டுகளில் நெடுங்காலம் பிரெஞ்சு மொழி வழங்கியது. அதன் மிச்சம்தான் இந்த இரட்டை 'ஈ'. ஒரு காரியத்தைச் செய்பவர் 'ஆர்'; அந்தக் காரியம் யாருக்குச் செய்யப்படுகிறதோ அவர் 'ஈ'. தமிழில் 'ஈ' என்றால் கொடு என்று பொருள். ஆங்கிலத்து 'ஈ' வாங்கிக்கொள்பவராக இருப்பது வேடிக்கைதான்!

இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலப் படிப்பே தேவையில்லை. நமது கீழ்வேளூர்ப் பக்கத்தில் ஒரு மா நிலம் வாங்கினாலும் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். அதில் 'எழுதிக் கொடுத்தவர்', 'எழுதி வாங்கியவர்' என்று இரண்டு பத்திகள் இருக்கும். எழுதிக் கொடுத்தவர் 'ஆர்'. எழுதி வாங்கியவர் 'ஈ'. இந்த ஒரு சாவி ஏறக்குறைய எல்லாப் பூட்டையும் திறக்கும்.

அடமானத்தில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். கடன் வாங்குவது நாம். ஆகவே வாங்குகிற 'மார்ட்கேஜீ' நாம்தான் என்று நினைத்துவிடுகிறோம். அது தவறு. பத்திரத்தை எழுதிக் கொடுப்பது யார்? நாம். சொத்தின்மீதான உரிமையை எழுதி வாங்குவது பாங்கி. எனவே நாம் மார்ட்கேஜர், பாங்கி மார்ட்கேஜீ. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இப்படித்தான் பெயரிடுகிறது. கடனைத் தீர்த்த பின் பாக்கி இல்லை என்று ரசீது எழுதித் தரவேண்டியவர் மார்ட்கேஜீ. அந்த ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டால் தீர்ந்த கடன் வில்லங்கச் சான்றில் நின்றுகொண்டே இருக்கும்.

அரிசி மூட்டைகளைத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு லாரியில் ஏற்றினால் நாம் கன்சைனர்; அங்கே இறக்கிக்கொள்ளும் மண்டிக்காரர் கன்சைனீ. இப்போது கம்ப்யூட்டரில் போடும் டாலி பில்லில் 'கன்சைனீ' ஒரு கட்டம், 'பையர்' வேறொரு கட்டம். பணம் கொடுப்பவர் ஒருவர், சரக்கு இறங்கும் கடை மற்றொன்று என்றால் இரண்டிலும் ஒரே பெயரை அடிக்கக் கூடாது. பணம் வந்த பிறகே சரக்கை விடவேண்டும் என்று எண்ணுபவர்கள் கன்சைனீ இடத்தில் 'செல்ஃப்' என்று எழுதி, பணம் கிடைத்ததும் ரசீதின் பின்பக்கம் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுப்பது பழைய பழக்கம். சரக்கு குறைந்தாலோ நனைந்தாலோ, 2007-ம் வருடத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரிக் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். தவறினால் வழக்குப் போட முடியாது.

செக்கில் மூன்று பேர். எழுதிக் கொடுப்பவர் டிராயர், பணம் பெறுபவர் பேயீ. நடுவில் 'டிராயீ' என்று ஒருவர், அது பாங்கி. பணம் கொடுப்பது பாங்கியாயிற்றே, அது எப்படி 'ஈ' என்று கேட்கலாம். "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்ற உத்தரவு பாங்கியின் பெயருக்கே எழுதப்படுகிறது. உத்தரவை வாங்கிக்கொள்வதால் அது டிராயீ. மூலையில் 'அக்கவுண்ட் பேயீ' என்று கோடு போட்ட செக்கை நாம் பின்பக்கம் கையெழுத்திட்டு மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிட முடியாது. பேயீயின் கணக்கில்தான் அது வரவாகும்.

கடைக்கு வாடகைக்கு வந்தவர் லெஸ்ஸீ, கட்டடச் சொந்தக்காரர் லெஸ்ஸர். லைசென்ஸ் பெற்றவர் லைசென்ஸீ. இவற்றில் குழப்பம் இல்லை.

நாமினீ விஷயம் வேறு. நாமினீ வாங்கிக்கொள்பவர்தான், ஆனால் வாங்கியதெல்லாம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. இன்ஷூரன்ஸ் பணத்தை நாமினீ வாரிசுகளுக்காகவே பெற்றுக்கொள்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் தீர்ப்பளித்தது. 2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினீயாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. கடைக் கூட்டாளியையோ மைத்துனரையோ போட்டிருந்தால் பழைய நிலைதான். பாங்கி டெபாசிட்டுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது. கல்யாணத்துக்கு முன்பு எடுத்த பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றிரவே பார்த்துவிடுவது நல்லது.

காபி, டாஃபி, ரூபாயைக் குறிக்கும் 'ருபீ' ஆகியவையும் இரட்டை 'ஈ'யில்தான் முடிகின்றன. இவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. காபி அரபு வழி வந்தது, ருபீ வடமொழி வழி வந்தது. 'ஆப்சென்டீ' என்பவரும் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. வராமல் இருந்துவிடுவதே அவர் வேலை.

மிச்சம் இருப்பது 'கியாரண்டீ'. இது பெரும்பாலும் ஆளைக் குறிக்காது, ஜாமீன் வாக்குறுதியையே குறிக்கும். அதை எழுதிக் கொடுக்கும் ஆள் 'கியாரண்டர்'. பக்கத்துக் கடைக்காரர் பாங்கியில் கடன் எடுக்கும்போது "சும்மா ஒரு கையெழுத்து" என்று நம்மை உட்காரவைக்கும் நாற்காலி அதுதான். 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.