அமானுஷ்யக் காதல் புதினத்தைத் திருத்தி எழுதுதல்

அமானுஷ்யக் காதல் புதினம் என்பது காதலர் இருவரில் ஒருவராவது பேய், ஆவி, யட்சி, மறுபிறவி எடுத்தவர் என மனித இயல்புக்கு அப்பாற்பட்டவராக வரும் கதை. தமிழுக்கு இது புதிய வகை அன்று. கல்கி 1947இல் எழுதிய 'சோலைமலை இளவரசி'யில், 1942 போராட்டத்தில் ஈடுபட்டுப் பாழடைந்த கோட்டையில் ஒளிந்திருக்கும் இளைஞனுக்கு முற்பிறவிக் காதல் நினைவுக்கு வருகிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே கூத்திலும் வில்லுப்பாட்டிலும் இவ்வகைக் கதைகள் இருந்தன.

இத்தகைய புதினம் ஒன்றின் முதல் வரைவை முடித்தபின் செய்யும் வேலையே திருத்தி எழுதுதல். மெய்ப்புப் பார்ப்பதையும் இதையும் பலர் ஒன்றாக நினைக்கின்றனர். ஒற்றுப்பிழை நீக்குவதும் வாக்கியம் சீர் செய்வதும் கடைசி வேலை. கதை எங்கே தொடங்க வேண்டும், யார் பக்கம் நின்று சொல்ல வேண்டும், பேயால் எது முடியும் எது முடியாது என்பவற்றை மறுபடி தீர்மானிப்பதே திருத்தி எழுதுதல். இதை விளக்கப் பலமுறை திருத்தி எழுதப்பட்ட கதை ஒன்று வேண்டும். தமிழில் அதற்குப் பழையனூர் நீலி கதையை விடப் பொருத்தமானது இல்லை.

பழையனூர் நீலி

சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் பாதையில் வேப்பம்பட்டில் ரயில் ஏறுபவர், திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் தாண்டித் திருவாலங்காட்டில் இறங்கலாம். நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை உள்ள ஊர் இது. கணவன் தன்னை விட்டு விலகியபின் பேய் வடிவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்ததும் இங்கேதான். இதை அடுத்த ஊர் பழையனூர். நீலி கதை நடந்ததாகச் சொல்லப்படுவது இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில்.

தொண்டை நாட்டில் வழங்கும் கதையின் சுருக்கம் இது. காஞ்சியில் மனைவி உள்ள ஒருவன், அதை மறைத்து வெளியூரில் இன்னொருத்தியை மணக்கிறான். அவளோடும் அவள் அண்ணனோடும் ஊர் திரும்பும்போது, முதல் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. ஆலங்காட்டருகே அவளைக் கொன்றுவிடுகிறான். தங்கை இறந்து கிடப்பதைக் கண்ட அண்ணனும் உயிரை விடுகிறான். அவள் நீலி என்னும் பேயாகிறாள். கொன்றவன் அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். பேயால் ஆபத்து என்று எச்சரிக்கப்பட்டதால் மந்திரித்த கத்தி ஒன்றை எப்போதும் கையிலேயே வைத்திருக்கிறான். அவன் பழையனூர் வழியே போகும்போது நீலி அவனுடைய மனைவி வடிவம் எடுத்து, கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து அழுகிறாள். குழந்தை அவனை அப்பா என்று அழைத்து மடியில் ஏறுகிறது. இவள் என் மனைவி அல்ல, பேய் என்று அவன் கதறுகிறான். வேளாளர் எழுபது பேர் நம்பவில்லை. உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கின்றனர். காலையில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகின்றனர்.

7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்நிகழ்ச்சி சுட்டப்படுகிறது. அதன்பின் கதையைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திருத்தியுள்ளனர்.

யார் எதைத் திருத்தினர்

14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய 'சேக்கிழார் புராணம்' இக்கதையை வேளாளரின் பெருமையாகச் சொல்கிறது. அங்கே முக்கியமானது வாக்குத் தவறாமை. நீலி, அந்தப் பெருமை வெளிப்பட உதவும் வஞ்சகி மட்டுமே. அவள் ஏன் பேயானாள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

சமணர் செய்த திருத்தம் இதைவிடத் துணிச்சலானது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யில், தவம் செய்யும் முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை விரட்டப் பழையனூர்ப் பேய் அழைக்கப்படுகிறது. முதலில் பயமுறுத்திப் பார்க்கிறது. அது பலிக்காமல் போகவே அரசகுமாரி வடிவில் வந்து மயக்கப் பார்க்கிறது. முனிவர் அடையாளம் கண்டுகொள்கிறார். பேய் தோல்வியை ஒப்புக்கொண்டு அறம் கேட்டு, பிறகு பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம் முதலிய சமயத்தாரோடு வாதம் செய்யும் தத்துவ அறிஞராக மாறுகிறது. கொலை, பழி, பஞ்சாயத்து எல்லாம் நீங்கிவிட்டன. பெயரும் ஊரும் உருமாறும் ஆற்றலும் மட்டும் மிஞ்சின. இந்த நூலை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார்.

தென் மாவட்ட வில்லுப்பாட்டில் பாடப்படும் இசக்கி கதை மூன்றாவது திருத்தம். பெயர்கள் பாடுபவருக்குப் பாடுபவர் மாறும். இதில் அவள் மனைவி அல்ல, தாசி குலப் பெண். கோயில் அர்ச்சகன் ஒருவன் தன் பொருளையெல்லாம் அவள் வீட்டில் இழக்கிறான். காசு தீர்ந்ததும் அவள் தாய் அவனை விரட்டுகிறாள். மகளோ அவனை விரும்பியதால் நகைகளோடு பின்தொடர்ந்து போகிறாள். வழியில் கள்ளிச் செடி அருகே அவன் மடியில் தலை வைத்துத் தூங்குபவளை, நகைக்கு ஆசைப்பட்டுக் கொன்றுவிடுகிறான். கள்ளியே சாட்சி என்று சொல்லி அவள் உயிர் விடுகிறாள். இந்தக் கதையின் நீலி பின்னர் இசக்கியம்மனாகிறாள். கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் அவளுக்குப் பெரிய கோயில் உண்டு.

திருத்தி எழுதும் மாணவர் கவனிக்க வேண்டியது அந்தக் கள்ளியை. தொண்டை நாட்டுக் கதையில் கள்ளிக் கொம்பு எங்கிருந்தோ வந்து குழந்தையாகிறது. வில்லுப்பாட்டில் அதே கள்ளி கொலை நடந்த இடத்தில் முன்பே நின்றுவிட்டது. பிற்பாடு அது குழந்தையாகிக் கொலைகாரன் மடியில் ஏறும்போது, சாட்சி சொல்ல வந்திருக்கிறது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. பாடியவர்கள் புதிய மாயம் எதையும் சேர்க்கவில்லை. இருந்த மாயத்துக்கு வேர் வைத்தனர். முதல் வரைவில் 20ஆம் அத்தியாயத்தில் திடீரென வரும் அற்புதம் ஒவ்வொன்றுக்கும் 3ஆம், 4ஆம் அத்தியாயத்தில் ஒரு கள்ளிச் செடி நட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

பேய்க்கும் விதி வேண்டும்

முதல் வரைவில் பெரும்பாலும் பேய் எல்லாம் செய்யும். சுவரைக் கடக்கும், மனத்தைப் படிக்கும், நாயகிக்கு ஆபத்து என்றால் உடனே வந்து நிற்கும். இப்படி எழுதினால் கதைக்கு ஆபத்தே இல்லாமல் போகிறது. நீலியால் உருமாற முடியும், குழந்தை உண்டாக்க முடியும். ஆனால் கத்தி கையில் இருக்கும்வரை அவனை நெருங்க முடியாது. கதை முழுவதும் இந்த ஒரே தடையில் நிற்கிறது. அந்தத் தடையை அவளால் நீக்க முடியாது. நல்லவர்கள், நல்ல எண்ணத்தோடு, அவளுக்காக நீக்கித் தருகின்றனர்.

ஆகவே திருத்தத்தைத் தொடங்கும் முன் ஒரு தாளில் பேயின் ஆற்றல்களையும் தடைகளையும் எழுதிக்கொள்வது உதவும். அது நிலைக்கண்ணாடியில் தெரியுமா, பகலில் வருமா, உணவு உண்ணுமா, பிறர் கண்ணுக்கும் படுமா? 5ஆம் அத்தியாயத்தில் பகலில் வராத ஆவி 17ஆம் அத்தியாயத்தில் நண்பகலில் கல்லூரி வாசலில் நின்றால் வாசகர் முதலில் கவனிப்பது அதைத்தான். ஒரு விதியை மீற வேண்டியிருந்தால், அந்த மீறலுக்கு யாரேனும் ஒரு விலை கொடுப்பதாகக் காட்ட வேண்டும்.

காதல் எங்கே இருக்கிறது

இதுவே கடினமான பகுதி. மனத்தைப் படிக்கவும் வசியம் செய்யவும் வல்ல ஒருவர், அப்படிப்பட்ட ஆற்றல் இல்லாத இன்னொருவரை விரும்புவதே இவ்வகைப் புதினத்தின் அமைப்பு. வசியத்தால் வந்த சம்மதத்தைக் காதல் என்று எழுதிவிடும் தவறு முதல் வரைவுகளில் எளிதில் நேர்கிறது. நாயகிக்குத் தெரியாமல் அவள் அறையில் நிற்பது, அவள் வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்வது எல்லாம் அமானுஷ்யம் என்ற போர்வையில் அழகாகிவிடுகின்றன. பேய் என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடுத்த தெரு இளைஞன் என்று வைத்துப் படித்தால் உண்மை தெரியும். அப்போதும் காதலாகத் தோன்றும் காட்சிகளை வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றைத் திருத்தியே ஆக வேண்டும்.

நீலகேசியின் மயக்கும் காட்சி இங்கே நினைவுக்கு வர வேண்டும். அரசகுமாரி வேடம் கலைந்த பிறகுதான் முனிவருக்கும் பேய்க்கும் இடையே உண்மையான பேச்சே தொடங்குகிறது. காதல் புதினத்திலும் தான் யார் என்பதை மறைத்திருப்பவர் அதைச் சொல்லும் அத்தியாயமே நடுத்தூண். அது முடிவுக்கு மிக அருகில் வந்துவிட்டால், அறிந்தபின்னும் விரும்புகிறாரா என்ற கேள்விக்கு இடமே இருக்காது. பல வரைவுகளில் அந்த அத்தியாயத்தை முன்னுக்கு நகர்த்தினாலே பாதிச் சிக்கல் தீரும்.

பழையனூர்ப் பஞ்சாயத்திலும் கற்க வேண்டியது ஒன்று உண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருவன் சொல்கிறான். கையில் குழந்தையோடு வந்திருக்கிறாள், குடும்பம் என்றால் இப்படித்தான், சேர்ந்து வாழுங்கள் என்று பெரியவர்கள் கத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். கதையில் பயந்தவன் ஆண். வாழ்க்கையில் பெரும்பாலும் அந்த வீட்டுக்குள் திருப்பி அனுப்பப்படுபவர் பெண். இன்று இக்கதையைத் திருத்தி எழுத நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய வாசல் கிடைக்காது.

எங்கே தொடங்குவது

'நீலிக் கண்ணீர்' என்றால் பொய்யழுகை என்று பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோம். கொலையுண்ட பெண்ணின் பெயர் எப்படிப் பொய்யழுகைக்குப் பெயராயிற்று? கதையைப் பஞ்சாயத்தில் தொடங்கினால் அவள் வஞ்சகி. கொலையில் தொடங்கினால் அவள் பாதிக்கப்பட்டவள். நிகழ்ச்சிகள் இரண்டிலும் அவையே. வரிசை மட்டும்தான் வேறு. மரபுத்தொடராக நிலைத்தது பஞ்சாயத்தில் தொடங்கிய கதை. கோயிலாக நிலைத்தது கொலையில் தொடங்கிய கதை.

தன் வரைவின் முதல் அத்தியாயத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பேய் பயமுறுத்தும் காட்சியில் தொடங்குவது வழக்கம். விறுவிறுப்புக்காக அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் பேயின் பக்க நியாயம் 25ஆம் அத்தியாயத்தில் யாரோ ஒரு கிழவர் பழங்கதையாகச் சொல்லித்தான் தெரியும் என்றால், அதுவரை வாசகர் அவளை வெறுத்துப் பழகிவிடுவார். நம் பேய்ப்படங்கள் பலவும் இடைவேளைக்குப் பிறகு வரும் பழங்கதையில் இப்படிச் சிக்கியவை. அந்தப் பழங்கதையைத் துண்டுகளாக்கி முன்னே கொண்டுவருவது, அல்லது சில அத்தியாயங்களைப் பேயின் பார்வையிலேயே எழுதுவது, இரண்டும் பயன் தரும். கேரளத்தில் வழங்கும் கள்ளியங்காட்டு நீலியை நாயகியாக்கி 2025இல் வந்த 'லோகா' மலையாளப் படம், பேயை மையத்தில் நிறுத்தியதாலேயே பழைய கதைக்குப் புது முகம் கொடுத்தது.

எவ்வளவு விளக்குவது

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சிறுகதை, வந்தவள் யார் என்பதைக் கடைசிவரை உறுதிசெய்யாது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அமானுஷ்யமா அறிவியலா என்ற இழுபறியிலேயே நகரும். காதல் புதினத்தில் இவ்வளவு மூடி வைக்க முடியாது. யாரை விரும்புகிறோம் என்று தெரியாமல் விரும்ப முடியாதல்லவா? என்றாலும் ஆவி உலகின் அமைப்பு, முற்பிறவிகளின் கணக்கு, சாபத்தின் உட்பிரிவுகள் எனப் பக்கம் பக்கமாக விளக்குவதும் தேவையில்லை. பாத்திரம் ஒரு முடிவெடுக்க எந்தத் தகவல் தேவையோ அது போதும்.

சில சிறு வேலைகள்

தொடராக எழுதியதைப் புத்தகமாக்கும்போது, ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் உள்ள முன்கதை நினைவூட்டல்களையும் இறுதியில் வலிந்து வைத்த திடுக்கிடல்களையும் எடுத்துவிட வேண்டும். முற்பிறவிப் பகுதியில் செந்தமிழும் இக்காலப் பகுதியில் பேச்சுத்தமிழும் கலந்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒழுகாமல் தனித்தனியாகப் படித்துச் சரிபார்க்கலாம். நூறாண்டுக்கு முன் இறந்தவள் நேற்று வந்த சொற்களைப் பேசினால் காரணம் இருக்க வேண்டும்.

இடங்களையும் நேரில் சரிபார்ப்பது நல்லது. நீலியைப் பற்றி எழுதுபவர் ஒருநாள் பகலில் பழையனூருக்குப் போய்வரலாம். வேளாளர் தீப்பாய்ந்ததாகச் சொல்லும் இடத்தில் அவர்களுக்கு நினைவு மண்டபம் உண்டு.