ஊர்ச்சந்தையும் நம் அடுக்களையும்



சந்தை என்றதும் நம்மிற் பலருக்கு இரைச்சலும் நெருக்கமும் பேரம்பேசலுமே நினைவுக்கு வருகின்றன. விலை இறங்கினால் மகிழ்கிறோம். ஏறினால் முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆயின், நாம் வாங்கிய பொருள் எந்நிலத்தில் விளைந்தது, நாம் கொடுத்த பணத்தில் எவ்வளவு அந்நிலத்தை உழுதவனைச் சேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அடுத்த போகத்தில் நம் ஊர்த் தோட்டங்களிலே பயிர் நிற்குமா என்பது பெரும்பாலும் இவ்விரண்டையும் பொறுத்தே உளது. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சந்தைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகிறது. அந்நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்தையும் மிளகாயையும் கத்தரியையும் கமக்காரர் விளைவிக்கின்றனர். முன்னாளில் துலா மிதித்து இறைத்தார்கள். இந்நாளில் இயந்திரம் இறைக்கிறது. அன்று உடல் நொந்தது. இன்று எரிபொருட் செலவில் கை நோகிறது. எவ்வாறாயினும், குடாநாட்டிலே இறைக்காமல் விளையும் தோட்டப்பயிர் மிகக் குறைவு.

இம்மண்ணின் இயல்பைச் சந்தைகளிலே காணலாம். சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி ஆகிய சந்தைகளில் வலிகாமத்து மரக்கறிகள் குவிகின்றன. கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் தென்மராட்சியின் தேங்காயும் மாங்காயும் பலாப்பழமும் மிகுதி. வாழைக்குலை என்றால் நீர்வேலியின் பெயரே முதலில் வரும்.

இனி, ஒரு மூடை கத்தரிக்காய் சந்தையில் என்னாகிறது என்று பார்ப்போம். பொழுது புலருமுன்னரே கமக்காரன் அதனைக் கொண்டுவந்து இறக்குகிறான். வெங்காயமாயின் பிடியாகக் கட்டி வீட்டு வளையிலே தொங்கவிட்டு நல்ல விலைக்காகச் சிலகாலம் காத்திருக்கலாம். கத்தரியும் கீரையும் காத்திரா. வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும் என்பதை மொத்த வியாபாரியும் அறிவான். ஆதலின் விலையை நிர்ணயிக்கும் வலிமை பெரும்பாலும் வாங்குபவனிடமே இருக்கிறது.

அதன்மேல் ‘கழிவு’ என்றொரு வழக்கமும் உண்டு. நூறு கிலோ நிறுத்தால் தொண்ணூறுக்கே பணம் கொடுப்பது அது. அழுகலுக்கும் மண்ணுக்குமாகக் கழிக்கிறோம் என்பர் வியாபாரிகள். ஆனால் அழுகலே இல்லாத பொருளுக்கும் அதே கழிவுதான். இதனை எதிர்த்து உழவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். செலவு போக வருவாயில் ஐந்திலொரு பங்கே ஒருவனுக்கு மிஞ்சும் என வைத்துக்கொள்ளுங்கள். பத்துவீதக் கழிவினால் அவனுடைய இலாபத்திற் சரிபாதி போய்விடுகிறது! விதைக்கும் பசளைக்கும் இறைப்புக்கும் அவன் நூறு கிலோவுக்கான செலவையன்றோ செய்திருக்கிறான்?

நுகர்வோராகிய நாம் இதில் என்ன செய்யலாம்? சந்தையின் ஓரங்களிலே கடகத்தையோ சாக்கையோ விரித்து, தம் வளவிலும் தோட்டத்திலும் விளைந்தவற்றைக் கூறு கூறாக வைத்து விற்போர் இருக்கின்றனர். இவர்களிற் பலர் வயது முதிர்ந்த பெண்கள். “ஆச்சி, இது உங்கடை தோட்டத்துக் கீரையோ?” என்று கேட்டால், “ஓம் பிள்ளை, விடியப் பிடுங்கினது” என்று மறுமொழி வரும். அங்கே கொடுக்கும் பணம் இடையில் எங்கும் தேயாமல் விளைவித்த கையையே சேர்கிறது. நமக்கும் ஊதியம் உண்டு. இலைக்கறிகளிலுள்ள உயிர்ச்சத்து சீ, பறித்த நேரம் முதலாகக் குறையத் தொடங்குகிறது. இரண்டு நாள் பயணஞ்செய்து வாடிய கீரையும் அன்று காலை பிடுங்கிய கீரையும் கண்ணுக்கு மட்டுமன்று, உடலுக்கும் வேறுவேறாம்.

ஊர்ப்பொருளை உண்பது என்பது காலமறிந்து உண்பதாகும். மாரியிலே வேலிகளில் முசுட்டை படரும், தகரை முளைக்கும், இரண்டும் வறைக்கு உகந்தவை. தைமாதமளவில் புதுநெல் வரும். பனங்கிழங்கும் கட்டுக்கட்டாக வரும். அதனைக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வைகாசி, ஆனி மாதங்களிலே கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மணக்கும். ஆவணியிலே பனம்பழம் விழும். முருங்கையிலையோ எக்காலமும் கைக்கெட்டும். குரக்கன் மாவினை ஏழையின் உணவென்று ஒதுக்குவாரும் உளர். நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து இருக்கின்றது. தீட்டிய வெள்ளை அரிசியில் அதன் இருபதிலொரு பங்குதானும் இல்லை. ஏழையின் உணவு எது, சத்தற்ற உணவு எது என்பதை நேயர்களே முடிவு செய்யலாம்.

“எங்கிருந்து வந்தாலென்ன, மலிவாகக் கிடைத்தாற் போதாதா?” என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான வினாவே. இதற்கு நமது அண்மைக்கால வரலாறு விடை தருகிறது. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நாட்டில் பல பொருள்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்திலே வடபகுதிக் கமக்காரர் செழித்தனர். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அவர்களுடைய சந்தை சரிந்தது. பின்னர் போர் வந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கண்டிவீதி மூடப்பட்டபோது, குடாநாட்டு மக்கள் அருகிலே விளைந்ததைப் பெரிதும் நம்பி வாழவேண்டியதாயிற்று. 2021இல் இரசாயனப் பசளை திடீரெனத் தடைசெய்யப்பட்டு அவ்வாண்டிலேயே அத்தடை நீக்கப்பட்டது. அதற்குள் விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. கோதுமை மா விலை ஏறியது. நீரிறைக்க மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. இந்நாட்டிலே கோதுமை விளைவதில்லை என்பதை அவ்வாண்டிலேதான் பலர் உணர்ந்தனர். முற்றத்திலே முருங்கையும், கூப்பிடு தூரத்திலே தோட்டமும் உடையவர்கள் ஓரளவேனும் தாக்குப்பிடித்தார்கள்.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்று. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஊரின் விளைநிலம் நம்மைக் காக்கவேண்டுமாயின், மலிவான காலத்தில் அதனை நாம் காக்கவேண்டும். கட்டுபடியாகாத தோட்டம் வீட்டு மனையாக விலைப்படும். மனையான செம்மண் மீண்டும் பாத்தியாவதில்லை. பஞ்சம் வந்தபின் அதனைத் தேடிப் பயனில்லை.

ஊரில் விளைந்தவை யாவும் குற்றமற்றவை என்று நான் கூறவில்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவின்றி இட்ட பசளை அதற்கு ஒரு முக்கிய காரணம். பூச்சிமருந்தும் மிகுதியாகவே தெளிக்கப்படுகிறது. இதில் நமக்கும் பங்குண்டு. சிறு துளையுள்ள கத்தரிக்காயைத் தொடாமல், பளபளக்கும் காயையே நாம் தேடி எடுத்தால், கமக்காரன் மருந்தைத்தானே நாடுவான்? ஊர்ச்சந்தையின் சிறப்பு யாதெனில், விளைவித்தவனை நேரிலே கண்டு, “மருந்தடித்து எத்தனை நாள்?” என்று கேட்க முடியும் என்பதாம். தொலைவிலிருந்து வந்த பொருளிடம் இவ்வினாவைக் கேட்கமுடியாது.

பிற ஊர்ப் பொருள்களை விலக்கவேண்டும் என்பதும் என் கருத்தன்று. நுவரெலியாவிலே கிழங்கும் கரட்டும் விளைவிப்பவனும் நம் நாட்டு உழவனே; அவனுக்கும் சந்தை வேண்டும். ஊரில் விளையும் காலத்தில் ஊர்ப்பொருளை முதலில் வாங்குவோம்; இல்லாததை நாட்டின் பிற பகுதியிலிருந்து பெறுவோம்; அதற்குப் பின்னரே கப்பலைப் பார்ப்போம். இவ்வொழுங்கு போதும்.

எனவே, இல்லத்தரசிகளுக்கும் அவர்களுக்காகச் சந்தைக்குச் செல்லும் ஆடவர்க்கும் ஒரு வேண்டுகோள். கிழமையில் ஒரு நாளாவது சற்று வெள்ளென எழுந்து, ஒரு பன்னையுமலை எடுத்துக்கொண்டு ஊர்ச்சந்தைக்குச் செல்லுங்கள். என்ன கறி சமைப்பதென்று வீட்டிலே முடிவு செய்துவிடாதீர்கள். சந்தையில் எது புதிதாய் வந்திருக்கிறதோ அதனைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீரைக்காரியிடம் ஐந்து ரூபாவுக்குப் பேரம் பேசவேண்டாம். அந்தச் சிறு தொகை நம் குடும்பத்தை உயர்த்தப்போவதில்லை. அவளுடைய பாத்தி அடுத்த கிழமையும் பசுமையாய் இருப்பதற்கு அது உதவக்கூடும்.