கரகர ஒலிக்கு ஒரு பச்சைப் பெட்டி!

மைக் செட்டில் பாட்டை அளவுக்கு மீறி ஏற்றினால் என்ன ஆகிறது? குரல் கிழிகிறது. "கரகர" என்று இரைகிறது. நாம் காதைப் பொத்திக் கொள்கிறோம்.

அந்தக் கரகரப்பைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் கிட்டார்காரர்கள்!

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழா. பஞ்சமூர்த்திகள் வீதியுலா வரும்போது நாதசுரக்காரரைக் கவனியுங்கள். நாதசுரத்தில் சீவாளிக் கொத்து ஒன்று தொங்கும். ஒன்று கெட்டி, ஒன்று இளசு. ஊதிப் பார்த்து, அன்றைக்கு எது பேசுகிறதோ அதைப் பொருத்திக் கொள்வார். கிட்டார்காரரின் சீவாளிக் கொத்து தரையில் கிடக்கிறது. காலால் மிதிக்கும் சின்னச் சின்ன உலோகப் பெட்டிகள். அவற்றில் ஒரு வகைக்குத்தான் 'ஓவர்டிரைவ் பெடல்' என்று பெயர்.

பழுதில் பிறந்த ஒலி

1960-களின் தொடக்கம். அமெரிக்காவில் நாஷ்வில் நகரம். மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டு பதிவாகிறது. ஒலிப்பதிவு மேஜையில் ஏதோ கோளாறு. கிரேடி மார்ட்டின் வாசித்த கிட்டார் வண்டு போல் இரைந்தது. அதை அழிக்காமல் 1961-ல் அப்படியே வெளியிட்டார்கள். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது! மறு வருடமே அந்த இரைச்சலைத் தரும் பெட்டி கடைக்கு வந்தது.

விஷயம் இதுதான். ஒலி அலையின் உச்சி வெட்டப்படுகிறது. வெட்டிய இடத்தில் மேல் சுரங்கள் புதிதாய் முளைக்கின்றன. தம்புராவில் நூல் வைத்து ஜீவா பிடிக்கிறோமே, அதிலும் மேல் சுரங்கள்தான் எழும்புகின்றன. அது ரீங்காரம், இது கரகரப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்தால் இதில் கம்பீரமாய் இருக்கும். காந்தாரத்தையும் கூட்டினால் சேறு!

எத்தனை பெட்டி வேண்டும்?

முன்பு கிட்டாருக்கு வால்வு வைத்த கனத்த ஆம்ப்ளிபயர் வேண்டும். இப்போது ஒரு கணக்குப்பெட்டியே பல ஆம்ப்ளிபயர்களைப் போல் பேசுகிறது. 1998-ல் வந்த 'லைன் 6 பாட்' இந்த வகையில் பேர் பெற்றது. பெயர் 'மாடலர்'. ஹெட்போன் மாட்டினால் பையன் வாசிப்பான், பாட்டி தூங்குவாள்.

"அப்பா, பெடலும் வேண்டும்" என்று மகன் அடம் பிடிக்கிறானா? அவசரப்படாதீர்கள். பெரும்பாலான மாடலர்களுக்குள்ளேயே ஓவர்டிரைவ் நகல்கள் இருக்கின்றன. ஒரு மாதம் அவற்றோடு வாசிக்கட்டும். எது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு ஒன்று வாங்கலாம். என் கணக்கில், பாதிப் பேருக்கு அதுகூட வேண்டியிராது!

பேர் பெற்றது பச்சைப் பெட்டி. 1970-களின் இறுதியில் ஐபனேஸ் கம்பெனி வெளியிட்ட 'டியூப் ஸ்கிரீமர்'. இது அடித்தட்டு ஒலியைக் குறைக்கும், நடு ஒலியைத் தூக்கும். சுத்தமாகப் பேசும் ஆம்ப்ளிபயரில் வைத்தால் மூக்கால் பாடுவது போல் இருக்கும். கொஞ்சம் கிழியத் தொடங்கிய ஆம்ப்ளிபயரில் வைத்துப் பாருங்கள். 'டிரைவ்' குமிழ் ஏறக்குறைய சைபர். 'லெவல்' நன்றாக மேலே. தடித்த தந்திகள் இறுகிப் பேசும்.

இரண்டு பெட்டிகளைச் சேர்ப்பது தனிக்கலை. இரண்டையும் முழுக்கத் திருகுவது கலை அல்ல, கலவரம்! ஒன்று மெல்லக் கிழியட்டும்; எப்போதும் ஓடட்டும். மற்றதைத் தனி வாசிக்கும்போது மட்டும் மிதிக்க வேண்டும். அதை முன்னால் வைத்தால் கரகரப்பு கூடும். பின்னால் வைத்தால், ஆம்ப்ளிபயர் சுத்தமாக இருக்கும்வரை, சத்தம் கூடும்.

கவனம்!

மாடலரின் நுழைவில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெடலின் லெவலைக் குறையுங்கள். அங்கே கிழிவது வேறு கிழிசல், காதுக்கு ஆகாது. மிக்ஸரில் நேராகச் சொருகும்போது மாடலரில் 'கேபினெட்' நகல் ஓடவேண்டும். அது இல்லாவிட்டால் குளவிக் கூட்டம் கலைந்தது போல் கேட்கும்.

அடாப்டர் விஷயம் பெரிது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். வீட்டில் கிடக்கும் பல அடாப்டர்களில் நடுமுனை பிளஸ். மாற்றிச் சொருகினால் பெட்டி கருகினாலும் கருகும். இரண்டின் மீதும் வட்டப் படம் அச்சிட்டிருப்பார்கள். பார்த்துச் சொருகுங்கள்.

வீட்டில் மெல்ல வாசித்துத் திருகிவைத்த குமிழ்கள் பந்தலில் உதவா. சத்தம் ஏற ஏற அடித்தட்டு ஒலி வீங்கும். கச்சேரிக்கு அரைமணி முன்னதாகப் போய், முழுச் சத்தத்தில் கேட்டு, 'பேஸ்' குமிழைக் கொஞ்சம் இறக்கிக் கொள்ள வேண்டும்.