கம்பியா, பலகையா?

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் இல்லங்கள் சிலவற்றில், பெரியோர் வாங்கிய வால்வு வானொலிப் பெட்டியோ ஆம்ப்ளிஃபயரோ இன்றும் மூலையில் இருக்கக் காண்கிறோம். விவித பாரதி 1957இல் தொடங்கிய காலத்தில் பாடிய பெட்டி அது. இன்று அது ஓய்ந்துவிட்டால், பழுதுபார்க்க லாமிங்டன் சாலைக்குக் கொண்டு செல்வதா, தாராவியின் பழம்பொருள் பட்டறைக்கு விற்றுவிடுவதா? இதற்குரிய விடையின் ஒரு பகுதி பெட்டியின் அடிப்புறத்தில் இருக்கிறது.

பழைய முறையில், உலோகத் தட்டின்மேல் வால்வுகளும் மின்மாற்றியும் அமர்ந்திருக்கும். தட்டின் கீழே தடைகளும் மின்தேக்கிகளும் காலோடு கால் பிணைத்து, ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். மற்றொரு முறை அச்சிட்ட பலகை. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்பார் 1930களில் இங்கிலாந்தில் இதனை உருவாக்கினார். பலகைமீது ஒட்டிய செப்புத் தகட்டில் வேண்டாத பகுதியை அரித்து நீக்கினால், எஞ்சிய கோடுகளே கம்பிகளின் வேலையைச் செய்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இம்முறை எங்கும் பரவியது.

கம்பி முறையில்தான் இசை இனிக்கும் என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒலியின் தரம், உறுப்புகளையும் அவற்றை அமைத்த ஒழுங்கையும் பொறுத்தது. கைவேலையில் ஒரு கம்பி இடம் மாறினாலும் இரைச்சல் புகக்கூடும். பலகையிலோ ஒவ்வொரு பெட்டியும் ஒன்றுபோலவே அமையும்.

ஆயினும் வால்வு வெப்பத்தை உமிழ்வது. அதன் தாங்கியைப் பலகையிலேயே பொருத்தினால், நாளடைவில் பலகை கருகும்; மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கே கனமுள்ள செப்புக்கோடு பெயரும். தாங்கியை உலோகத் தட்டில் பொருத்திக் கம்பியால் பலகையோடு இணைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். கம்பி முறையில் பழுதான உறுப்பை மட்டும் எளிதில் மாற்றலாம். கைதேர்ந்தவர் பெயர்ந்த செப்புக்கோட்டையும் கம்பியிட்டுச் சீர்செய்வார்.

ஆகவே, விற்குமுன் ஒருமுறை வல்லாரிடம் காட்டுக. நாமே திறத்தல் தகாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஊறு செய்யும். பெட்டி பழையது என்பது மட்டுமே அதனை எடைக்குப் போடக் காரணமாகாது.