செல்லிடப்பேசிப் பெட்டியில் அச்சிடப்படாத தேதி

புது தில்லி: நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் 2025 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கியபோது, வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்தான் அவையை உலுக்கும் என்று தலைநகரில் உள்ள செய்தியாளர்கள் கணித்திருந்தனர். கணிப்பு பொய்க்கவில்லை. ஆனால், யாரும் எதிர்பாராத வேறொன்றும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அது, உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருந்த செல்லிடப்பேசி.

விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய செல்லிடப்பேசியிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலியை 90 நாள்களுக்குள் நிறுவித் தர வேண்டும் என மத்திய தொலைத்தொடர்புத் துறை நவம்பர் 28-ஆம் தேதி தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டிருந்தது. செய்தி வெளியானதும், குடிமக்களை வேவு பார்க்கும் முயற்சி இது என எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன. வேண்டாதவர்கள் செயலியை நீக்கிக்கொள்ளலாம் என்று துறை அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா விளக்கம் அளித்துப் பார்த்தார். புயல் அடங்கவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி கட்டாயம் கைவிடப்பட்டது. ஏற்கெனவே 1.4 கோடிப் பேர் தாமாகவே அதைத் தரவிறக்கிக் கொண்டுவிட்டனர், இனிக் கட்டாயம் தேவையில்லை என்று காரணம் கூறப்பட்டது. பின்வாங்கலுக்குக் கௌரவமான ஒரு காரணம் தில்லியில் எப்போதும் கிடைத்துவிடும்.

நாம் காசு கொடுத்து வாங்கும் கருவிக்குள் அரசு எதை வைக்கலாம் என்ற கேள்விக்கு மூன்றே நாள்களில் விடை கிடைத்தது நல்லதுதான். அதே கருவி எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக இயங்கும் என்று வாங்கும் முன்பே அறிந்துகொள்ளும் உரிமைக்கு அந்த வேகம் இல்லை. இந்த உறுத்தலுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. எனது செல்லிடப்பேசியின் திரையில் கீறல் இல்லை. மின்கலம் மாலை வரை தாங்குகிறது. ஆனால், அதற்கான பாதுகாப்பு மேம்படுத்தலைத் தயாரிப்பு நிறுவனம் நிறுத்தி ஒன்றரை ஆண்டாகிறது. வாங்கிய அன்று இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனவே, மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராகப் பணியாற்றும் திருச்சிக்கார நண்பர், கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டும், உடன் வர முடியுமா என்று கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. டிசம்பர் 6-ஆம் தேதி, சனிக்கிழமை. இடம், கரோல் பாக் பகுதியில் உள்ள கஃபார் மார்க்கெட். செல்லிடப்பேசி வாங்குவோர், விற்போர், பழுது பார்ப்போர் அனைவரும் தோளோடு தோள் உரசி நிற்கும் சந்து அது.

விற்பனையாளர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று, நத்திங் நிறுவனத்தின் 'சி.எம்.எஃப். போன் 1'. 2024 ஜூலையில் 15,999 ரூபாய்க்கு அறிமுகமானது. மற்றொன்று, சாம்சங் நிறுவனத்தின் 'கேலக்ஸி ஏ16 5ஜி'. 2024 அக்டோபரில் 18,999 ரூபாய்க்கு அறிமுகமானது. இரண்டுக்கும் இப்போது தள்ளுபடி உண்டு என்றார். பிறகு தன் கைப்பேசியில் ஒப்பீட்டு அட்டவணையைத் திறந்து காட்டி, "எண்களைப் பாருங்கள் சார், கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது" என்றார் ஹிந்தியில்.

எண்கள் அவர் பக்கம்தான் இருந்தன. முன்னதன் திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறது. பின்னதன் திரை 90 முறை. முன்னதில் டைமன்சிட்டி 7300 சில்லு. பின்னதில் அதைவிட வேகம் குறைந்த 6300. மின்னேற்றும் திறன் 33 வாட், 25 வாட். மின்கலம் இரண்டிலும் 5,000 எம்.ஏ.எச். சாம்சங்கில் மூன்று கேமராக்கள் இருக்கின்றனவே என்று நண்பர் கேட்டார். அதில் மூன்றாவது, மிக அருகில் உள்ள பொருள்களைப் படமெடுக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸ். எண்ணிக்கை கூட்டுவதற்கென்றே வைக்கப்படும் இத்தகைய கேமராக்களை, சட்டப்பேரவைத் தேர்தலில் வாக்கு பிரிக்க நிறுத்தப்படும் சுயேச்சைகளுடன்தான் ஒப்பிட முடியும். நினைவகத்திலும் இதே வித்தைதான். எட்டு ஜி.பி. ரேம் உள்ள கருவிக்கு '16 ஜி.பி. வரை' என்று விளம்பரம் வந்தால், மீதி எட்டு ஜி.பி. சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு இல்லை.

அட்டவணையில் இல்லாத ஒரு வரிசைதான் என் கவனத்தை ஈர்த்தது. அறிமுகத்தின்போது நிறுவனங்கள் அளித்த உறுதிமொழிப்படி, சி.எம்.எஃப். போன் 1 கருவிக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஏ16 கருவிக்கு ஆறு ஆண்டுகள். அறிமுக விலையை இந்த ஆண்டுகளால் வகுத்தால், முன்னதற்கு ஆண்டுக்கு 5,333 ரூபாயும் பின்னதற்கு 3,166 ரூபாயும் ஆகிறது. மூவாயிரம் ரூபாய் மலிவானது என்று காட்டப்பட்ட கருவி, இந்தக் கணக்கில் விலை உயர்ந்ததாகி விடுகிறது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. பெரும்பாலும் இந்த ஆண்டுகள், நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த மாடல் அறிமுகமான நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. 2025 டிசம்பரில் கடையில் நின்று பார்த்தால், ஒன்றுக்கு மீதமிருப்பது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. மற்றொன்றுக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. பழைய மாடலுக்குத் தரப்படும் தள்ளுபடியில் ஒரு பகுதி, ஏற்கெனவே கரைந்துபோன ஆயுளுக்கான விலைதான்.

மேம்படுத்தல் நின்றதும் கருவி செயலிழந்துவிடாது. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அதில் அடைக்கப்படாமல் போகும், அவ்வளவே. பேசுவதற்கு மட்டும் பயன்பட்ட காலத்தில் இது பெரிய குறையில்லை. 2025 ஆகஸ்டில் மட்டும் நாட்டில் யு.பி.ஐ. வழியாக 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. வங்கிக் கணக்கின் சாவியாகவே செல்லிடப்பேசி மாறிவிட்ட பிறகு, பூட்டு எந்த ஆண்டு வரை தாங்கும் என்று கேட்காமல் வாங்குவது சரியாகுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. 2025 ஜூன் 20-ஆம் தேதி முதல் அங்கு விற்பனைக்கு வரும் செல்லிடப்பேசிகளுடன் ஒரு முத்திரை இருக்க வேண்டும். மின்கலத்தின் தாக்குப்பிடிக்கும் திறன், கீழே விழுந்தால் தாங்கும் தன்மை, பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்ற தரவரிசை எல்லாம் அதில் உண்டு. அந்த மாடலின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் மென்பொருள் மேம்படுத்தல் கிடைக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகு ஏழு ஆண்டுகள் உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். அறிமுக நாளிலிருந்து எண்ணும் தந்திரத்துக்கு அங்கு இடமில்லை. பிரான்ஸ் 2021-லேயே பழுதுநீக்கக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவிலும் இந்தச் சிந்தனை இல்லாமல் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் பழுதுநீக்கக் குறியீடு குறித்து ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 2025 மே மாதம் குழு அறிக்கை அளித்தது. உதிரிபாகம் கிடைப்பது, பிரித்துப் பூட்டுவதில் உள்ள எளிமை, மென்பொருள் மேம்படுத்தல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் அளித்து, கடையிலும் இணைய விற்பனைத் தளத்திலும் வாங்குவோர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது பரிந்துரை. அன்று கஃபார் மார்க்கெட்டில் நாங்கள் பார்த்த எந்தப் பெட்டியிலும் அத்தகைய மதிப்பெண் இல்லை. குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது நட்சத்திரங்களை எண்ணிப் பழகிய நண்பர், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

வேறு விதிகளுக்குக் குறைவில்லை. கதிர்வீச்சு அளவு, ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கணக்கிட்டு, கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மிகக் கூடாது. பல கருவிகளில் நட்சத்திரக்குறி, ஹாஷ், 07, ஹாஷ் என்று அழுத்தினால் அளவு திரையில் தெரியும். 07-க்குப் பதில் 06 அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும்; அதுவும் பெட்டியில் உள்ள எண்ணும் பொருந்தாவிட்டால் அங்கேயே திருப்பித் தந்துவிட வேண்டும்.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய விதி ஒன்றும் இதில் இருக்கிறது. இந்தியாவில் விற்கப்படும் கருவிகளில் 22 மொழிகளிலும் வரும் செய்தியைப் படிக்க வசதி இருக்க வேண்டும் என 2016-இல் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. ஆனால் தட்டச்சு செய்வதற்கு ஆங்கிலம், ஹிந்தி, 'குறைந்தது இன்னொரு மொழி' என்றே அதில் கூறப்பட்டது. அந்த இன்னொரு மொழி எது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். ஸ்மார்ட்போன்களில் தமிழ் விசைப்பலகை எளிதாகக் கிடைப்பதால் இதன் வலி தெரிவதில்லை. பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியைப் பெற்றோருக்கு வாங்குபவர்கள் தமிழில் எழுத முடிகிறதா என்று சோதித்தே வாங்க வேண்டும்.

வரியையும் சொல்லியாக வேண்டும். செல்லிடப்பேசி மீதான ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரல் 1 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. 2025 செப்டம்பரில் தொலைக்காட்சிக்கும் குளிர்சாதனத்துக்கும் வரி குறைந்தபோது செல்லிடப்பேசிக்குக் குறையவில்லை. 18,999 ரூபாயில் ஏறத்தாழ 2,900 ரூபாய் வரி. குறைந்த ஆயுள் உள்ள கருவியை அடிக்கடி மாற்றுபவர், ஒவ்வொரு முறையும் இதைப் புதிதாகச் செலுத்துகிறார்.

நாங்கள் கிளம்ப எழுந்தபோதுதான் விற்பனையாளர் மூன்றாவது பெட்டியை எடுத்தார். 2025 ஏப்ரலில் வந்த 'சி.எம்.எஃப். போன் 2 புரோ'. அறிமுக விலை அதே 18,999 ரூபாய். இதற்கு அந்த நிறுவனம் ஆறு ஆண்டுகள் பாதுகாப்பு மேம்படுத்தல் அறிவித்திருக்கிறது. ஓராண்டுக்குள் மூன்று, ஆறாகியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரை நம்பி முடிவெடுக்கக் கூடாது, மாடல்வாரியாகத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று கேட்டேன். பழைய சரக்கை முதலில் தள்ள வேண்டும் அல்லவா என்று மறைக்காமல் சிரித்தார்.

சில மாடல்கள் கடைக்கே வருவதில்லை என்றும் அவர் குறைபட்டுக்கொண்டார். இணைய நிறுவனங்கள் குறிப்பிட்ட செல்லிடப்பேசிகளைத் தாங்கள் மட்டுமே விற்பதாகத் தில்லி வியாபார் மகாசங்கம் அளித்த புகாரின் மீது, 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. கையில் எடுத்துப் பார்க்கவே முடியாத பொருளை வாங்குபவர் எப்படி ஒப்பிடுவார் என்ற அவரது கேள்வியில் வியாபாரம் மட்டும் இல்லை, நியாயமும் இருக்கிறது.

நண்பர் மகளைத் தொலைபேசியில் அழைத்தார். "அப்பா, கேமரா எப்படி?" என்பதே அவள் கேட்ட முதல் கேள்வி. 2031 வரை தாங்கும் என்று இவர் சொல்ல, அதுவரை யார் வைத்திருப்பார்கள் என்று அவள் கேட்க, இருவருக்கும் சிறிது நேரம் வாக்குவாதம் நடந்தது. இறுதியில் மூன்றாவது பெட்டியே வாங்கப்பட்டது. பணம் செலுத்தும் முன், பெட்டியின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருந்த தயாரிப்பு மாதத்தைக் கண்ணாடியைக் கழற்றி அருகில் வைத்துப் படித்துப் பார்த்துக்கொண்டார் நண்பர்.